இரட்டைக் கோபுரமும் இடையில் ஒரு பாலமும்

ஹெவ்லொக் டவுனில், ஒருகாலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த காணியில், இப்போது ஹெவ்லொக் சிட்டியின் தொடர்மாடிகள் நிற்கின்றன. குடியிருப்புக் கோபுரங்கள் கட்டம் கட்டமாக எழுந்தன. பின்னர் மிரேகா டவர் என்ற அலுவலகக் கோபுரமும் வந்து சேர்ந்தது. ஒரே வளவுக்குள் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் கட்டடங்களை அண்ணாந்து பார்க்கிற எவருக்கும் ஒரு கேள்வி வரும். மேலே ஒரு பாலத்தைப் போட்டு ஒன்றோடொன்று கட்டிவிட்டால், காற்றுக்கும் பூமியதிர்ச்சிக்கும் இன்னும் பலமாக நிற்காதா?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கட்டிய மாத்திரத்தில் பலம் வந்துவிடாது. சில வேளை, தனித்தனியே நின்றிருந்தால் தப்பியிருக்கக்கூடிய இரண்டு கட்டடங்களுக்கும் சேர்த்தே ஒரு புதுத் தொல்லை வந்து சேரும். இணைப்புக் கோபுரங்களை வடிவமைக்கும் பொறியியலாளருக்குப் பாலத்தைக் கட்டுவது பெரிய வேலை அல்ல. பாலத்தின் இரண்டு முனைகளையும் எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு அசைய விடுவது என்பதில்தான் மண்டை காயும்.

உயர்ந்த கட்டடம் எதுவும் அசையாமல் நிற்பதில்லை. தள்ளிவிட்டால் முன்னும் பின்னுமாக ஆடும். ஒரு முறை போய்த் திரும்ப அது எடுக்கும் நேரம் பெரும்பாலும் உயரத்தைப் பொறுத்தது. நூற்றுக்கணக்கான கட்டடங்களை அளந்து கண்ட ஒரு கைக்கணக்கு உண்டு. உயரத்தை மீற்றரில் எடுத்து 46ஆல் வகுத்தால், ஓர் ஆட்டத்துக்கு எத்தனை செக்கன் என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். 25 மீற்றர் உயரமான எட்டு மாடிக் கட்டடத்துக்கு அரைச் செக்கன். 240 மீற்றர்க் கோபுரத்துக்கு ஐந்து செக்கனுக்குச் சற்று மேல்.

இனி இரண்டு ஊஞ்சல்களை ஒரு கயிற்றால் தொடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நீளம், ஒரே திசையில் சேர்ந்து ஆடுகின்றன என்றால் கயிற்றுக்கு வேலையே இல்லை. அது சும்மா கூடவே போய் வரும். ஒன்று முன்னே போக மற்றது பின்னே வந்தால்தான் கயிறு விறைக்கும். கோபுரங்களிலும் இதுவே நடக்கிறது. அச்சொட்டாக ஒரே மாதிரியான இரண்டு கோபுரங்கள் சேர்ந்து ஒரு பக்கமாகச் சாயும்போது, நடுவிலுள்ள பாலம் அவற்றுக்கு எந்த உதவியும் செய்வதில்லை. தன் பாரத்தையும் அவற்றின் தலையில் ஏற்றி, ஆட்டத்தைக் கொஞ்சம் மந்தமாக்குகிறது, அவ்வளவுதான். எதிரெதிராக அசையும்போது மட்டும் அது குறுக்கே நின்று தடுக்கும். அப்படித் தடுக்கும்போது இரண்டு பிரமாண்டமான கட்டடங்களின் இழுபறி முழுவதும் அதன் முனைகளில் வந்து குவியும். முனைகள் தாங்கவில்லையென்றால் பாலம் கிழியும், அல்லது அது பொருத்தப்பட்ட மாடி கிழியும். பாலம் கோபுரத்தின் நடுமையத்தில் இல்லாமல் ஓர் ஓரமாகப் பொருந்தியிருந்தால் இன்னொரு சிக்கலும் சேரும். நேராக ஆடிக்கொண்டிருந்த கோபுரத்தை அது முறுக்கத் தொடங்கும்.

உலகம் நன்றாக அறிந்த இணைப்புப் பாலம் கோலாலம்பூர் பெட்ரோனாஸ் கோபுரங்களில் இருக்கிறது. 452 மீற்றர் உயரமான இரட்டையருக்கு நடுவே, 41ஆம் 42ஆம் மாடிகளில், தரையிலிருந்து 170 மீற்றர் உயரத்தில், 58 மீற்றர் நீளமும் 750 தொன் எடையும் கொண்ட உருக்குப் பாலம். ஏறிப் பார்த்தவர்களுக்கு அது இரண்டு கோபுரங்களையும் இறுகப் பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் தோன்றும். உண்மையில் அது எதையும் பிடிக்கவில்லை. இரண்டு முனைகளும் வழுக்கும் தாங்கிகளில் வெறுமனே அமர்ந்திருக்கின்றன. கோபுரங்கள் விலகினால் முனை வெளியே சறுக்கும், நெருங்கினால் உள்ளே போகும். அப்படியென்றால் பாலம் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போய்விடாதா? அதற்காகத்தான் கீழிருந்து கவட்டைக் கால்கள் போலச் சாய்ந்து வரும் உருக்குக் கால்கள். 29ஆம் மாடி மட்டத்தில், எப்பக்கமும் திரும்பக்கூடிய உருண்டைத் தாங்கிகளில் அவை ஊன்றியிருக்கின்றன. கோபுரங்கள் எப்படி ஆடினாலும் இந்தக் கால்கள் பாலத்தின் நடுவை எப்போதும் நடுவிலேயே வைத்திருக்கும். அந்த மெல்லிய நீண்ட கால்களே காற்றில் அதிரக்கூடும் என்று பரிசோதனையில் தெரிந்ததால், குழாய்க் கால்களுக்கு உள்ளேயே அதிர்வைத் தணிக்கும் பாரங்களைத் தொங்கவிட்டார்கள்.

வழுக்க விடுவது என்று முடிவெடுத்தாலும் கணக்கு விட்டுவிடாது. காற்றில் கோபுரத்தின் உச்சி தன் உயரத்தின் ஐந்நூறில் ஒரு பங்குக்கு மேல் விலகக் கூடாது என்பது பரவலான வழக்கம். 150 மீற்றர் உயரத்தில் ஒரு பாலம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மட்டத்தில் ஒவ்வொரு கோபுரமும் 30 சென்ரிமீற்றர் வரை நகரலாம். எதிரெதிராக நகர்ந்தால் 60. பாலத்தின் முனை அமர்ந்திருக்கும் திண்ணை இதைவிட அகலமாக இருக்க வேண்டும், இல்லையேல் பாலம் நழுவி விழும். பூமியதிர்ச்சிகளில் வீதிப் பாலங்கள் விழுந்ததற்கு அடிக்கடி காணப்பட்ட காரணம் இதுதான்: பாலத்தில் பழுது எதுவும் இல்லை, அது அமர்ந்திருந்த இடம் போதவில்லை.

எதிர்த் துருவத்தில் பெய்ஜிங்கின் சீனத் தொலைக்காட்சித் தலைமையகம் இருக்கிறது. ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்த இரண்டு கோபுரங்கள், உச்சியில் பல மாடி ஆழமான ஒரு மூலைத் துண்டால் விறைப்பாகப் பிணைக்கப்பட்டு, முழுவதும் ஒரே சட்டமாக வேலை செய்கின்றன. இப்படி இறுக்குவதானால் இணைப்பு ஆழமாக இருந்தே ஆக வேண்டும். ஒரு மாடி உயரமான ஒல்லிப் பாலத்தால் கோபுரங்களை வளையாமல் தடுக்க முடியாது. அந்த மூலைத் துண்டின் இரண்டு பாதிகளையும் 2007 டிசம்பரில் சேர்த்தது விடியற்காலையில். வெயில் ஏறினால் ஒரு கோபுரத்தின் ஒரு பக்கம் மட்டும் சூடேறி விரியும். பொருத்த வேண்டிய முனைகள் ஒன்றையொன்று விட்டு மில்லிமீற்றர் கணக்கில் விலகிவிடும். இரண்டு பக்க உருக்கும் ஒரே வெப்பநிலையில் இருக்கும் நேரம் பார்த்து முதல் இணைப்புகளைப் போட்டார்கள். கல்யாணத்துக்கு நாள் பார்ப்பவர்கள் நாம். அவர்கள் பார்த்தது வெப்பமானி.

கொழும்புக்கும் இந்தக் குடும்பத்தில் ஓர் உறுப்பினர் உண்டு. ஹெவ்லொக் டவுனுக்கு வடக்கே சில கிலோமீற்றரில், கொம்பனித் தெருவில், பேரை வாவிக்கு அருகே நிற்கும் ஆல்டெயர். 240 மீற்றர் உயரம். அதன் இரண்டு கோபுரங்களில் 68 மாடிகளோடு ஒன்று நேராக நிற்கிறது. 63 மாடிகளோடு மற்றது அதன்மேல் சாய்ந்திருக்கிறது. வரைந்தவர் மோஷே சஃப்டி. சிங்கப்பூரில் மூன்று ஹோட்டல் கோபுரங்களின் தலையில் 340 மீற்றர் நீளப் பூங்காவை ஏற்றி வைத்த மரீனா பே சேண்ட்ஸும் அவருடையதுதான். அந்தப் பூங்கா பார்வைக்கு ஒரே கப்பல், கட்டமைப்பில் பல துண்டுகள். கோபுரத்துக்குக் கோபுரம் ஆட்டம் வேறுபடும் என்பதால் நடுநடுவே அசைவு மூட்டுகள் இருக்கின்றன. பேர்போன நீச்சல் தடாகத்துக்குக்கூட அந்த மூட்டுகள் உண்டு; குளிக்கிறவர்களுக்குத் தெரியாது.

ஆல்டெயரின் பிரச்சினை வேறு வகை. நேரான தூணில் பாரம் நேரே கீழே இறங்கும். சாய்ந்த தூணில் அப்படியல்ல, அது பக்கவாட்டிலும் தள்ளும். பத்துப் பாகை சாய்வு என்று உதாரணத்துக்கு எடுத்தால், ஒவ்வொரு 1000 தொன்னுக்கும் 176 தொன் கிடையாகத் தள்ளும். காற்று எப்போதாவதுதான் முழு வேகத்தில் அடிக்கும். பூமியதிர்ச்சி ஒரு தலைமுறையில் வராமலே போகலாம். இந்தத் தள்ளலோ இரவும் பகலும், கட்டடம் நிற்கும் நாளெல்லாம் இருக்கும். அதை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். மாடித் தளங்கள் அதை ஏந்தி, லிஃப்ட்டும் படிக்கட்டும் அடங்கிய கொங்கிரீட் சுவர்க் கூட்டுக்கோ பக்கத்துக் கோபுரத்துக்கோ கடத்துகின்றன. சாதாரணத் தொடர்மாடியில் தளம் என்பது மனிதர் நடக்க. இப்படிப்பட்ட கட்டடத்தில் அதுவே இழுவிசை தாங்கும் உறுப்பும் ஆகிவிடுகிறது. போதாததற்குக் கொங்கிரீட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. தொடர்ந்து பாரம் இருந்தால் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே போகும். சாய்ந்த கட்டடம் அப்படி அமுங்கும்போது இன்னும் கொஞ்சம் சாயும். எத்தனை மில்லிமீற்றர் போகும் என்று முன்கூட்டியே கணித்து, கட்டும்போதே அந்த அளவு எதிர்ப்பக்கம் தள்ளி வைத்துக் கட்டுவது இத்தகைய வேலைகளில் வழக்கம்.

இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. கால்கள் அகன்று தலை சேர்ந்த இந்த உருவம், சாய்வு போகும் திசையில் காற்றை நன்றாக எதிர்க்கும். குறுக்குத் திசையில் அந்த உதவி கிடையாது. அங்கே இரண்டும் சாதாரணக் கோபுரங்கள்தான்.

காற்று என்றதும், கொழும்பில் என்ன பெரிய காற்று என்று கேட்கக்கூடும். 1978 நவம்பரில் மட்டக்களப்பை உலுக்கிய சூறாவளிக்குப் பிறகு, இலங்கையை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து ஒரு வடிவமைப்புக் கைந்நூல் 1980இல் வந்தது. கிழக்குக் கரையோரம் முதல் வலயம். சாதாரணக் கட்டடத்துக்கு அங்கே செக்கனுக்கு 49 மீற்றர் வேகம். கொழும்பு மூன்றாம் வலயம், 33 மீற்றர். வித்தியாசம் சிறிதாகத் தெரியும். ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், மட்டக்களப்புக் கட்டடம் கொழும்புக் கட்டடத்தைப் போல் சுமார் 2.2 மடங்கு தள்ளலைத் தாங்க வேண்டும். கொழும்புக்கு அது சலுகைதான். ஆனால் அந்த வேகம் தரைக்குப் பத்து மீற்றர் மேலே அளப்பது. உயரப் போகப் போகக் காற்று வலுக்கும். சோளகக் காலத்தில் வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்று உணரும் காற்றுக்கும் ஐம்பதாம் மாடி பல்கனியில் படும் காற்றுக்கும் சம்பந்தமே இருக்காது.

நேரே தள்ளுவது காற்றின் ஒரு வேலை மட்டும்தான். கோபுரத்தைச் சுற்றிப் போகும் காற்று இடப்பக்கம் ஒரு சுழி, வலப்பக்கம் ஒரு சுழி என்று மாறி மாறி உதிர்க்கும். ஒவ்வொரு சுழியும் கட்டடத்தைக் குறுக்கே இழுக்கும். சுழிகள் உதிரும் தாளமும் கோபுரத்தின் ஆட்டத் தாளமும் ஒத்துவிட்டால், காற்றடிக்கும் திசையைக் காட்டிலும் குறுக்குத் திசையில்தான் அதிகம் ஆடும். இரண்டு கோபுரங்கள் இருந்தால் முன்னதன் சுழிகள் பின்னதன் மேல் போய் விழும். 1965 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தின் பெரிபிரிட்ஜ் மின்நிலையத்தில் நடந்ததை இந்தத் துறையில் எவரும் மறப்பதில்லை. எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்கள், இரண்டு வரிசை, ஒவ்வொன்றும் 114 மீற்றர். பலத்த காற்றை நெஞ்சு கொடுத்து வாங்கிய முன்வரிசை நின்றது; அதன் மறைவில் இருந்த பின்வரிசையில் மூன்று இடிந்து விழுந்தன. தனியொரு கோபுரத்துக்கு எவ்வளவு காற்று என்று பார்த்திருந்தார்கள். கூட்டமாக நின்றால் என்ன ஆகும் என்பதை யாரும் சரியாகக் கணக்கெடுக்கவில்லை.

அதன் பிறகு பக்கத்துக் கட்டடங்களையும் சேர்த்து மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் வைப்பது வழக்கமாயிற்று. தரையருகே காற்று குழம்பி மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசுவதை அப்படியே உண்டாக்கும் சுரங்கத்தைக் கனடாவில் அலன் டேவன்போர்ட் 1965இல் அமைத்தார். இணைப்புக் கோபுரங்கள் என்றால் இன்னொரு நிபந்தனையும் சேரும். இரண்டின் மேலும் படும் விசையை ஒரே கணத்தில் அளக்க வேண்டும். ஒன்றின் உச்சத் தள்ளலை இன்று அளந்து, மற்றதன் உச்சத்தை நாளை அளந்து கூட்டினால் பயனில்லை. இரண்டும் ஒரே பக்கம் தள்ளப்படுகின்றனவா, எதிரெதிராகவா என்பதில்தான் பாலத்தின் தலைவிதி இருக்கிறது. ஹெவ்லொக் சிட்டி போலக் கட்டம் கட்டமாக வளரும் வளவுகளில் இதற்கு ஒரு கிளைக் கதையும் உண்டு. முதலில் எழும் கோபுரம் அனுபவிக்கும் காற்றும், அயலில் மற்றவை எழுந்த பின் அது அனுபவிக்கும் காற்றும் ஒன்றல்ல. இன்னும் கட்டப்படாத கட்டடத்தையும் சுரங்க மாதிரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இறுக்குவது, வழுக்க விடுவது என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றை ஜப்பானியர் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு கட்டடங்களுக்கு இடையில் எண்ணெய்த் தணிப்பான்களைப் பொருத்துவது. மோட்டார் வாகனத்தின் ஷொக் அப்சோபர் மாதிரியான பொருள்தான், அளவு பெரிது. ஒரு கட்டடம் ஒரு பக்கம் போக மற்றது வேறு தாளத்தில் அசைய, நடுவிலுள்ள தணிப்பான் அந்த அசைவைத் தின்று சூடாக்கி வெளியே விடும். 2001இல் முடிந்த டோக்கியோ ஹருமி டிரைட்டன் ஸ்குவேரில் 195, 175, 155 மீற்றர் உயரமான மூன்று கோபுரங்களை இப்படி இணைத்திருக்கிறார்கள். அங்கே இயந்திரமே நேரம் பார்த்துத் தள்ளியும் இழுத்தும் காற்றின் ஆட்டத்தை அடக்குகிறது. உயரங்கள் வெவ்வேறாக இருப்பதைக் கவனியுங்கள். ஒரே அச்சில் வார்த்த இரட்டையர் சேர்ந்தே ஆடுவார்கள். நடுவில் தணிப்பானுக்கு வேலை இராது. வேறுவேறு தாளமுள்ள சோடிதான் ஒன்றையொன்று அடக்கும். பார்வைக்கு அழகான சமச்சீர் இரட்டைக் கோபுரம், இந்த ஒரு விடயத்தில் மோசமான தெரிவு.

பூமியதிர்ச்சிக்கு வருவோம். இலங்கை கண்டத்தட்டின் நடுவில் இருக்கிறது, இங்கே எதுவும் வராது என்பது பரவலான நம்பிக்கை. 1615 ஏப்ரலில் கொழும்பை ஓர் அதிர்ச்சி தாக்கியதாகவும் இருநூறு வீடுகள் வரை இடிந்ததாகவும் போர்த்துக்கேயர் காலக் குறிப்பு சொல்கிறது. அண்மையில் 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது, சென்னையில் மாடிக் கட்டடங்களில் இருந்தவர்கள் வீதிக்கு ஓடி வந்தார்கள். இவ்வளவு தூரத்தில் இது எப்படி? வேகமான சிறு அதிர்வுகள் வழியிலேயே ஓய்ந்துவிடும். மந்தமான நீண்ட அலைகள் ஆயிரம் கிலோமீற்றர் தாண்டியும் வரும். மந்தமாக ஆடுபவை உயர்ந்த கட்டடங்கள். அதனால் தரையில் நடப்பவருக்குத் தெரியாதது இருபதாம் மாடியில் தேநீர் குடிப்பவருக்குத் தெரியும்.

ஆனாலும், பலமான அடித்தளமும் தரமான வடிவமைப்பும் உள்ள கோபுரங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. 1985 செப்ரெம்பர் 19 அன்று மெக்சிக்கோ நகரத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் நிகழ்ந்த அதிர்ச்சி, பழைய ஏரிப் படுகையின் சேற்று மண்ணைச் சுமார் இரண்டு செக்கன் தாளத்தில் ஆட்டியது. அந்தத் தாளத்தில் அகப்பட்டவை பெரும்பாலும் ஆறு முதல் பதினைந்து மாடிக் கட்டடங்கள். 1956இல் கட்டிய 44 மாடி லத்தீனோஅமெரிக்கானா கோபுரம் நின்றுவிட்டது. அங்கே சேதமான கட்டடங்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட காட்சி ஒன்று உண்டு. நெருக்கமாக நின்ற இரண்டு கட்டடங்கள் ஒன்றோடொன்று மோதியிருந்தன.

இங்கேதான் நான் பாலங்களை விட்டு, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்கு வருகிறேன். பத்துப் பேர்ச், பன்னிரண்டு பேர்ச் காணிகளில் ஆறு மாடி, எட்டு மாடி என்று எழுந்த தொடர்மாடிகள். கீழே வாகனம் நிறுத்த வெறும் தூண்கள், மேலே செங்கல் நிறைந்த வீடுகள். பக்கத்துக் கட்டடத்துக்கும் இதற்கும் நடுவே சில இடங்களில் கை நுழைக்கக்கூட இடைவெளி கிடையாது. ஏ.சி. குழாய் போக இடமில்லாமல் முன்பக்கத்தால் திருப்பிக் கொண்டுபோயிருப்பார்கள். இவற்றை யாரும் இணைப்புக் கட்டடங்கள் என்று சொல்வதில்லை. ஆனால் நிலம் அசைந்தால் அவையும் இணைந்த கட்டடங்கள்தான், இணைப்பை வரைந்தவர் இல்லாத இணைப்பு. 25 மீற்றர்க் கட்டடம் உயரத்தின் ஐந்நூறில் ஒரு பங்கு விலகினாலே 5 சென்ரிமீற்றர். எதிரெதிராக அசைந்தால் 10. அந்தக் கீழ்த்தளத் தூண்கள் வேறு ஆட்டத்தைக் கூட்டும். 2001 ஜனவரி 26இல் பூஜ் அதிர்ச்சியின்போது இருநூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்தில் இடிந்த தொடர்மாடிகள் பலவற்றில், வாகனத் தரிப்புத் தூண்கள்தான் முதலில் மடிந்தன.

மோதலிலும் இரண்டு வகை. இரண்டு கட்டடங்களின் தளங்களும் ஒரே மட்டத்தில் இருந்தால் தளம் தளத்தோடு முட்டும். விளிம்பு உடையும், பூச்சு கொட்டும், பெரும்பாலும் அதோடு போகும். தளங்கள் மட்டம் மாறியிருந்தால் ஒன்றின் தளம் மற்றதன் தூணில் நடு உயரத்தில் போய் இடிக்கும். தூண் அப்படிப்பட்ட அடிக்குச் செய்யப்பட்டதல்ல. ஒரு மாடியில் ஒரு தூண் வரிசை போனால் அதற்கு மேலுள்ளவை அனைத்தும் இறங்கும்.

இந்திய விதிநூலும் ஐரோப்பிய விதிநூலான யூரோகோட் 8உம் இதைத் தெளிவாகக் கையாள்கின்றன. காணி எல்லையிலிருந்து குறைந்தது உங்கள் கட்டடம் விலகக்கூடிய அளவுக்கேனும் உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும் என்கிறது யூரோகோட். இரண்டு கட்டடங்களின் தளங்களும் ஒரே மட்டத்தில் இருந்தால் தேவையான இடைவெளியில் 30 சதவீதத்தைக் குறைத்துக்கொள்ளவும் அது அனுமதிக்கிறது. காணி விலை பேர்ச்சுக்கு ஏறிக்கொண்டிருக்கும் வெள்ளவத்தையில் அந்த 30 சதவீதம் காசுதான். அதை எடுக்கப் புதிய உருக்கோ தணிப்பானோ வேண்டியதில்லை. வரைபடம் கீறும் முன் ஒரு ஆளை அளவு நாடாவோடு அனுப்பி, பக்கத்து வீட்டுக்காரரின் ஒவ்வொரு மாடித் தளமும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எடுத்து வந்தால் போதும்.